ஜீப்புக்குள் காற்று வர வேண்டுமென்றால், முதலில் அது வெளியே போக வேண்டும்

எங்கள் வீட்டு ஜீப் மஹிந்திரா எம்எம் 540. அப்பா 1993-ல் வாங்கியது. பியூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, நாலு சக்கரமும் இழுக்கும். நீடாமங்கலத்தில், ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பைத் தாண்டி, பாமணியாற்றுக் கரையோடு உள்ளே போனால் எங்கள் வயல். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களிமண் சக்கரத்தைப் பிடித்தால் விடாது. டிராக்டரை விட்டால் அங்கே போய்த் திரும்பி வரக்கூடியது இந்த வண்டிதான். அதனால் விற்கிற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

வாங்கியபோது கேன்வாஸ் கூரை. பக்கமெல்லாம் திறப்பு. காற்றைப் பற்றி யாரும் யோசித்ததே கிடையாது. பிறகு மழைக்காகவும் பாதுகாப்புக்காகவும் அப்பா தகட்டுக் கூண்டு கட்டினார். இரும்புக் கூரை, பின்பக்கத்தில் அசையாத கண்ணாடிகள், ஒற்றைப் பின்கதவு. அன்றிலிருந்து சித்திரை பிறந்தால் உள்ளே உட்கார முடியாது. முன்னால் இருப்பவர்களுக்காவது இறக்கிவிடக் கதவுக் கண்ணாடி இருக்கிறது. பின்னால் எதிரெதிர் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிற நடவு ஆட்களுக்கு அதுவும் இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆயா ஒரு நாள் இறங்கியதும் வரப்பிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். "வெயிலு என்னை ஒண்ணும் பண்ணாது பாப்பா. அந்தப் பொகதான் கொமட்டுது" என்றார். நாள் முழுக்க வெயிலில் குனிந்து நடுகிற மனுஷி சொல்கிறார். அதற்கு மேல் இந்த வேலையைத் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

விசிறி வாங்கி மாட்டு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விசிறி கடைசி வேலை. பழைய ஜீப்பைக் கூண்டு கட்டி ஓட்டுகிற எல்லோருக்கும் நான் சொல்ல வருவது இதுதான்: இன்ஜின் சூடும் புகையும் உள்ளே வருகிற வழியை முதலில் அடையுங்கள், அடுத்து உள்ளே இருக்கிற காற்று வெளியேற வழி வையுங்கள், அதற்குப் பிறகுதான் புதுக் காற்று வர வழி. வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும், அது அதே சூட்டுக் காற்றைத்தான் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

புகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜீப் மாதிரி சதுர முதுகு உள்ள வண்டி ஓடும்போது அதன் பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. சைலென்சர் புகையும் ரோட்டுப் புழுதியும் அந்த இடத்திலேயே சுழன்றுகொண்டு வண்டியோடு கூடவே வரும். முன்னால் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பின்னால் மட்டும் திறந்தால் அத்தனையும் உள்ளே இழுபடும். கேன்வாஸ் காலத்தில் பின் படுதாவைச் சுருட்டிவிட்டால் புழுதி முன் சீட்டு வரை வந்து அப்பியது இதனால்தான். எங்கள் வண்டியில் பின்கதவுக்கு அடியில் இடுக்கை அடைக்கிற ரப்பர் பீடிங் நைந்து போயிருந்தது. சைலென்சர் குழாய் பம்பருக்கு உள்ளேயே முடிந்திருந்தது. இரண்டும் சேர்ந்து அந்தப் பெஞ்சுக்குப் புகையை ஊட்டிக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. குமட்டல் அதில் சின்ன விஷயம். குழாயைப் பம்பரைத் தாண்டி நீட்டி, நுனியைப் பக்கவாட்டில் திருப்பி, நடு ஜாயின்ட்டில் கசிந்துகொண்டிருந்த கேஸ்கெட்டை மாற்றி, பின்கதவைச் சுற்றிப் புது பீடிங் போட்டோம். செலவு குறைவு. பலன் அன்றைக்கே தெரிந்தது.

இன்ஜினுக்கும் நாம் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ராத்திரி வாசல் விளக்கை அணைத்துவிட்டு, வண்டிக்குள் கால் வைக்கிற இடத்தில் நல்ல வெளிச்சமான விளக்கு ஒன்றை வைத்துக் கதவை மூடிவிட்டு, பானெட்டைத் திறந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சூடு கசிகிற இடம். கிளட்ச் பெடல் துவாரம், ஸ்டீயரிங் ராடு இறங்குகிற இடம், வயர்க்கட்டு நுழைகிற ஓட்டை (அதில் ரப்பர் புஷ் எப்போதோ உதிர்ந்துவிட்டது), எதற்கோ துளைத்து இப்போது எதுவும் மாட்டாத போல்ட் துளைகள். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தேன். அடியிலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். கியர் கம்பிக்கும் நாலு சக்கர கம்பிக்கும் போட்ட ரப்பர் உறை (பூட்) இரண்டும் கிழிந்து, கியர் பாக்ஸின் முழுச் சூடும் டிரைவர் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் விசிறி தள்ளுகிற சூட்டுக் காற்று முழுவதும் இன்ஜினைத் தாண்டி இந்தத் தகட்டில் மோதி, தரைக்கு அடியில்தான் போகிறது. ஒரு துளை என்றாலும் அது சும்மா இருக்காது.

மன்னார்குடியில் நாங்கள் வழக்கமாகப் போகிற டிங்கர் பாய் சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தார். அடுத்து காற்று வழிக்காக நான் வரைந்து கையில் வைத்திருந்த படத்தையும் பார்த்தார். "தங்கச்சி, நீங்க ஓட்டையை அடைக்க வந்தீங்களா, புதுசா போட வந்தீங்களா?" என்றார். ரெண்டும்தான் பாய் என்றேன்.

அடைப்பு வேலை ஒரே நாளில் முடிந்தது. தேவையில்லாத துளைகளுக்குத் தகடு வைத்து ரிவெட், தேவையானவற்றுக்கு ரப்பர் புஷ், கம்பிகளுக்குப் புது பூட். தரையில் பியூட்டைல் ஷீட் (ஒட்டுகிற ரப்பர் விரிப்பு), அதன் மேல் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம், அதற்கு மேல் ரப்பர் மேட். கூரைக்கு உள்ளே தெர்மோகோல் ஒட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்துப் பட்டறையில் சொன்னார்கள். கூடாது. தெர்மோகோல் சூட்டில் சுருங்கும், நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். மனிதர்கள் உட்காருகிற கூண்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். ஃபோமைத் தரையோடு முழுக்க ஒட்டியும் விடாதீர்கள். நம் ஊர் மழைக்கு நனைந்த காலோடு ஏறுவார்கள், தண்ணீர் அடியில் தங்கும், தகடு துருப்பிடிக்கும். தூக்கிக் காயவைக்கிற மாதிரி விரித்து வைப்பதே நல்லது. தரையில் இருக்கிற தண்ணீர் வடிகிற துளை மூடிகளையும் மறைக்கக் கூடாது.

அடுத்தது காற்றின் வழி. இதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை வந்தது. அம்மாவின் பூக்கட்டும் நூல்கண்டை எடுத்து, ஒரு சாண் ஒரு சாணாக நறுக்கி, வண்டி முழுக்க செலோ டேப்பால் ஒட்டினேன். பானெட் மேல், முன் கண்ணாடிக்குக் கீழே, கூரையின் முன் விளிம்பில், பக்கவாட்டுத் தகட்டில், பின்கதவில். விடியற்காலையில் மன்னார்குடி ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நான் ஓட்ட, தம்பி பைக்கில் கூடவே வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் சிநேகிதன் போனில் படம் எடுத்தான்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பானெட்டின் நடுவில் நூல் பின்னோக்கிப் படுத்திருக்கிறது. முன் கண்ணாடியின் அடியில் ஒட்டிய நூல் நிமிர்ந்து, சில நேரம் முன்பக்கமாகவே மடங்குகிறது. செங்குத்தான கண்ணாடியில் மோதிய காற்று போக இடமில்லாமல் அங்கே குவிகிறது என்று அர்த்தம். அழுத்தம் அதிகமான இடம் அது. கூரையின் முன் விளிம்பில் நூல் மேலே தூக்கிக்கொண்டு படபடக்கிறது, அங்கே உறிஞ்சல். பக்கவாட்டில் பின் மூலைக்கு அருகே நூல் அமைதியாகப் பின்னால் ஓடுகிறது. பின்கதவில் ஒட்டியதோ கீழேயிருந்து மேலே ஏறி, கண்ணாடியை நோக்கித் திரும்பித் திரும்பி விழுகிறது. புகை சுழல்கிற இடம் அதுதான்.

இதை வைத்தே இடத்தை முடிவு செய்தோம். காற்று வெளியேறப் பக்கவாட்டுத் தகட்டின் பின் மூலையில், உட்காருகிறவர் தலைக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்று. சூட்டுக் காற்று மேலேதான் நிற்கும், அதனால் உயரத்தில். பின்கதவின் சுழலுக்குள் போகக் கூடாது, அதனால் பக்கவாட்டில். ஒவ்வொன்றும் பத்து அங்குல நீளம், நாலு அங்குல உயரம். வெளியே பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு தகட்டுக் குல்லா, மழை இறங்காமல். உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி, மேல் விளிம்பை மட்டும் பட்டி வைத்து முடுக்கிய ஒரு ரப்பர் நாக்கு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து காற்று அடித்தால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது என் கண்டுபிடிப்பு கிடையாது. இப்போது வருகிற கார்களில் பின் பம்பருக்கு உள்ளே இதே மாதிரி ஒருவழி ரப்பர் மடல் இருக்கிறது, நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மடல் வேலை செய்கிறதா என்று கதவே சொல்லிவிட்டது. முன்பெல்லாம் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தால் டிரைவர் கதவு ஒரே அடியில் பூட்டாது. உள்ளே அடைபட்ட காற்று திருப்பித் தள்ளும். ஓங்கி அறைய வேண்டும். மடல் போட்டதும் கையால் மெதுவாகத் தள்ளினாலே பூட்டுகிறது. அந்த நேரம் பின்னால் பார்த்தால் இரண்டு ரப்பர் நாக்கும் ஒருசேர ஒரு முறை எழுந்து அடங்கும். பாய் நாலைந்து தரம் கதவைத் திறந்து மூடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று வரும் வழி முன் கண்ணாடிக்குக் கீழே. பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் அதே இடத்தில் இரண்டு மூடிகள் கம்பெனியிலேயே வரும், உள்ளிருந்து திறந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் முன் கண்ணாடியையே வெளிப்பக்கமாகத் தூக்கித் திறக்கலாம். அம்பாசடரின் முன் கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி முகத்துக்கு நேராகக் காற்று வாங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஏசி வந்த பிறகு இதெல்லாம் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். நாங்கள் பன்னிரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலத்தில் இரண்டு வெட்டு போட்டு, கீல் வைத்த மூடி, சுற்றி ரப்பர், உள்ளிருந்து முடுக்க ஒரு பட்டர்ஃபிளை நட் வைத்தோம்.

பாயின் கவலை தண்ணீர். "மழையில திறந்தா மடியிலதான் ஊத்தும்" என்றார். அதற்காக வெட்டுக்குப் பின்னால் ஒரு தகட்டுப் பெட்டி. காற்று அதற்குள் நுழைந்து மேலே ஏறித் திரும்பித்தான் கேபினுக்குள் வரும். கனமான தண்ணீர் திரும்ப முடியாமல் பெட்டியின் அடியில் விழுந்து, ஒரு ரப்பர் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் பின்னால் வடிந்துவிடும். என் கவலை பூச்சி. சம்பாவில் பொழுது சாய்ந்து ஹெட்லைட் போட்டுக்கொண்டு வயலோரம் வந்தால் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் வெளிச்சத்துக்குக் கும்பலாக வரும். வலை இல்லாமல் திறந்தால் பத்தே நிமிஷத்தில் கண், வாய், சட்டைக்குள் எல்லாம் அதுதான். நெருக்கமான துருப்பிடிக்காத கம்பி வலையைச் சட்டத்தில் வைத்து, கழற்றித் தட்டுகிற மாதிரி செய்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் சூடு தணிய பானெட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் வழக்கம் நிறைய ஜீப்புகளில் இருக்கிறது. நின்ற வண்டிக்கு அது சரி. ஓடும் வண்டிக்கு அங்கேதான் அழுத்தம் அதிகம் என்று நூல் காட்டியது. காற்று அந்த இடுக்கு வழியாக வெளியே வராது, உள்ளேதான் போகும். வண்டி நிற்கும்போதோ, அதே இடுக்கிலிருந்து கிளம்புகிற சூடு நேராக நம் புது மூடிக்குள் ஏறும். சூட்டை வெளியேற்ற வேண்டுமென்றால் பானெட்டின் நடுவில், நூல் படுத்திருந்த பகுதியில், பின்பக்கம் பார்த்த லூவர் (சாய்வான இடுக்குகள்) வெட்டுவதே சரி. எங்கள் வண்டியில் வாஷர்களைக் கழற்றிவிட்டோம்.

மன்னார்குடி ரோட்டில் இதெல்லாம் அருமையாக வேலை செய்தது. ஆற்றங்கரையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது தள்ளுகிற காற்றே கிடையாது. விசிறி அதற்குத்தான். பின்னால் உறிஞ்சுகிற விசிறி வைக்காமல், முன் பெட்டியில் உள்ளே தள்ளுகிற விசிறி வைத்தேன். உறிஞ்சும் விசிறி வண்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கும். எந்த இடுக்கில் புகை நின்றாலும் இழுத்து வந்துவிடும். தள்ளும் விசிறி உள்ளழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைக்கும், இடுக்குகளில் காற்று வெளியே போகும். கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் விசிறி இரண்டு. ஒவ்வொன்றிலும் நிமிஷத்துக்கு 80 கன அடி என்று போட்டிருக்கிறது. வலையையும் வளைவையும் தாண்டி அதில் பாதி வந்தாலே போதும். எங்கள் கூண்டு சுமாராக 2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட 120 கன அடி காற்று. அப்படியென்றால் ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே இருக்கிற காற்று மாறும். தனி ஃபியூஸ் இல்லாமல் இதை மாட்டாதீர்கள். பழைய ஜீப் வயரிங்கை நம்பக் கூடாது.

நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பலன் அடைமழையில் கிடைத்தது. நனைந்த சேலையோடு ஆறு பேர் ஏறினால் முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப் போகும். ஒரு கையில் துணி, ஒரு கையில் ஸ்டீயரிங், பக்கத்தில் ஆறு. பழைய டிரைவர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பார்கள், அதுவும் வெளிப்பக்கத் தண்ணீருக்குத்தான். உள்ளே படிவது நம் மூச்சும் ஈரத்துணியும் விட்ட ஆவி. வெளியே கொட்டுகிற மழையிலும் அங்கிருக்கிற காற்று, உள்ளே அடைந்து கிடக்கிற காற்றைவிடக் குறைந்த ஆவியோடுதான் இருக்கிறது. மூடியைத் திறந்து விசிறியைப் போட்டால் அந்தக் காற்று கண்ணாடியை ஒட்டியே ஏறுகிறது, ஈரக் காற்று பின் மடல் வழியாகப் போகிறது. கரையில் கண்ணாடி தெளிவாகத் தெரிய ஓட்டுவது எனக்கு இந்த வண்டியில் இதுதான் முதல் முறை.

தை அறுவடைக்கு முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அறுவடை மிஷின் ஓடுகிற வயலோரம் போனால் வைக்கோல் தூசியும் நெல் சுனையும் கழுத்தெல்லாம் அரிக்கும். அப்போது கம்பி வலைக்குப் பின்னால் ஒரு கார் ஏசி ஃபில்டரை வெட்டிச் செருகி, பின் மடலில் ஒன்றைக் கிளிப் போட்டு மூடிவிட்டு, விசிறியை ஓடவிடுகிறேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியே இருக்க வேண்டும். ஒரு கண்ணாடி இறங்கினாலும் உள்ளழுத்தம் போய்விடும், தூசி வந்துவிடும்.

பாக்கி இருப்பது கூரை. இப்போதைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறேன், முன்பு இருந்த கரும்பச்சையைவிட எவ்வளவோ தேவலை. கூலிங் ஃபிலிம் பற்றிச் சிலர் கேட்டார்கள். வண்டிக் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடுத்துவிட்டது. நிஜமான தீர்வு இரட்டைக் கூரை. லேண்ட் ரோவரில் வெயில் நாடுகளுக்கென்று கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு போட்டு அனுப்பினார்கள். வெயிலை மேல் தகடு வாங்கிக்கொள்ளும், நடுவில் ஓடுகிற காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, ஆகவே மேல் தகட்டை வெல்டிங் வைக்காமல், லக்கேஜ் கேரியர் மாதிரி கழற்றக்கூடிய கிளாம்ப்பில் மாட்டப் போகிறேன், அதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. மேட்டூர் திறந்து குறுவைக்கு ஆள் ஏற்றுவதற்குள் முடிக்க வேண்டும். அலுமினியத் தகடுதான் எடுத்திருக்கிறேன், எடை குறைவு. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளாம்ப்புக்கும் அடியில் ரப்பர் வாஷர் போடச் சொல்லிப் பாயிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.